மின்மிதிவண்டியின் மூளை: 25 என்னும் எண் வந்த கதை



தஞ்சோங் ரம்புத்தான் என்று எழுதினாலே வெளியூர் நண்பர்கள் சிலருக்குச் சிரிப்பு வந்துவிடும். 1911 முதல் இங்கு இயங்கிவரும் மனநல மருத்துவமனையே அதற்குக் காரணம் என்பதை மலேசியர் அனைவரும் அறிவர். இவ்விடுகை மருத்துவமனையைப் பற்றியதன்று. எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரின் மின்மிதிவண்டியையும், அதில் பொருத்தப்பட்டிருக்கும் சிறு பெட்டி ஒன்றையும், அப்பெட்டிக்குள் எழுதப்பட்டுள்ள எண்களின் வரலாற்றையும் பற்றியது.

அப்பெரியவர் தோட்டத்தில் மரம் வெட்டியவர். விடியுமுன் மிதிவண்டியில் பால் வாளிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு செம்மண் பாதையில் சென்ற தலைமுறையைச் சேர்ந்தவர். முழங்கால் தளர்ந்த பிறகும் மிதிவண்டியை விட மனமில்லை. பிள்ளைகள் மின்மிதிவண்டி ஒன்றை வாங்கித் தந்தனர். ஆண்டிறுதி மழையில் ஒருநாள் அது நடுவழியில் நின்றது. வாங்கிய கடையில், பழுது பார்ப்பதில்லை, புதியது வாங்கிக்கொள்ளுங்கள் என்று கூறிவிட்டனர். அவருடைய பேரன் ஐந்தாம் ஆண்டில் என்னிடம் படித்தவன். இப்போது நான்காம் படிவத்தில் பயில்கிறான். அவன் திருப்புளியை எடுத்துக்கொண்டு வண்டியைப் பிரித்துவிட்டான்.

சில வாரங்கள் கழித்து அவனுடைய தாயார் என்னைத் தேடி வந்தார். "சார், ராத்திரி பகலா ஒயரும் கையுமாத்தான் இருக்கான். கூட்டாளிங்க வேற வண்டிய கொண்டாந்து, ஸ்பீட திறந்து வுடச் சொல்லிக் காசு குடுக்குறாங்க. நீங்க சொன்னா கேப்பான்" என்றார். நானும் சென்று, ஆசிரியர்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். அதாவது, கண்டித்தேன். 25 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடாது என்று வைத்திருப்பதை மாற்ற நீ யார் என்று கேட்டேன். பையன் தலைகுனிந்தவாறே திருப்பிக் கேட்டான்: "சார், அந்த 25அ யார் வச்சது?"

எனக்கு விடை தெரியவில்லை! வரலாறு கற்பிக்கும் ஆசிரியனுக்கு இதைவிடச் சங்கடம் வேறென்ன வேண்டும்? அன்றிரவே தேடத் தொடங்கினேன்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. நம் நாட்டில் 'மோட்டார்' என்றால் மோட்டார் சைக்கிளையே குறிக்கும். ஆகவே சக்கரத்தைச் சுழற்றும் கருவியை இங்கு மின்னோடி என்கிறேன். மின்னோடிக்கு எப்போது, எவ்வளவு மின்சாரம் தரவேண்டும் எனத் தீர்மானிக்கும் பெட்டிதான் கண்ட்ரோலர், கட்டுப்படுத்தி எனலாம். அதனுள் இருக்கும் சிறு கணினிச் சில்லில் நிலையாகப் பதித்துவைக்கப்பட்ட நிரலை ஃபர்ம்வேர் என்பர், தமிழில் நிலைபொருள்.

மின்மிதிவண்டி நேற்று வந்த சீனப் பொருள் என்றே நான் எண்ணியிருந்தேன். அது நம் தாத்தாக்களுக்கும் மூத்தது. 1895 டிசம்பர் 31ஆம் நாள் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த ஆக்டன் போல்டன் என்பவருக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. பின்சக்கரத்தின் நடுவிலேயே மின்னோடி, சட்டத்தின் நடுவில் மின்கலம். இன்று எங்கள் பெரியவர் ஓட்டும் வண்டியின் அமைப்பும் ஏறக்குறைய அதுதான். போல்டனின் மின்னோடி 10 வோல்ட் மின்கலத்திலிருந்து 100 ஆம்பியர் வரை இழுக்கும் என்று குறிக்கப்பட்டிருந்தது. பெருக்கிப் பார்த்தால் 1000 வாட். 25ஆவது, 250ஆவது! எந்த வரம்பும் எழுதப்படாத காலம் அது.

அப்படியானால் அது ஏன் உலகமெங்கும் ஓடவில்லை? மின்கலம் கனமானது, பெட்ரோல் மலிவானது என்பன பாதிக் காரணங்கள். மீதிக் காரணம் மூளையின்மை. அக்கால மின்னோடியில் கரித்துண்டுகள் செப்பு வளையத்தின்மீது உரசிக்கொண்டே மின்னோட்டத்தின் திசையை மாற்றிக்கொடுக்கும். சக்கரம் எங்கே நிற்கிறது, அடுத்து எந்தச் சுருளுக்கு மின்சாரம் செல்லவேண்டும் என்பதை அந்த உரசலே தீர்மானித்தது. கரி தேயும், பொறி பறக்கும், தூசியும் நீரும் புகுந்தால் கெடும். மின்னோடிகள் நம் பேராக்கிற்குப் புதியவையல்ல. சுங்கை பேராக்கின் செண்டரோ அணை 1930இலேயே மின்சாரம் தரத் தொடங்கி, கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களை இயக்கியது. தஞ்சோங் துவாலாங்கில் இன்று காட்சிக்கு நிற்கும் 1938ஆம் ஆண்டு ஈயக்கப்பலும் மின்னாற்றலால் உழைத்ததே. கப்பலளவு இயந்திரத்தில் மின்னோடியைப் பார்த்துக்கொள்ள ஆட்களை நிறுத்தலாம். மிதிவண்டியில் யாரை நிறுத்துவது?

அந்த ஆளுக்குரிய விதை 1879இலேயே விழுந்துவிட்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எட்வின் ஹால் என்னும் ஆராய்ச்சி மாணவர், மெல்லிய தங்கத்தகட்டில் மின்சாரத்தைச் செலுத்தி, அதனைக் காந்தப்புலத்தில் வைத்தபோது தகட்டின் குறுக்கே சிறு மின்னழுத்தம் தோன்றுவதைக் கண்டார். காந்தம் அருகில் உள்ளதா இல்லையா என்பதைத் தொடாமலே அறிய வழி பிறந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் அது பெரும்பாலும் ஆய்வுக்கூடப் பொருளாகவே கிடந்தது. 1962இல் வில்சன், டிரிக்கி என்னும் இரு பொறியாளர்கள், கரித்துண்டுக்குப் பதிலாகக் குறைகடத்திகளைக் கொண்டு திசைமாற்றும் மின்னோடியை விளக்கினர். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களும் தனித்தனியே நியோடிமியம் காந்தத்தை உருவாக்கினர். வலிமைமிக்க காந்தம், மலிவான மின்னிணைமாற்றி, கட்டைவிரல் நகத்தளவு கணினிச் சில்லு ஆகிய மூன்றும் சேர்ந்தபோதுதான் போல்டனின் சக்கரத்துக்கு மூளை வாய்த்தது.

1993 நவம்பரில் ஜப்பானில் யமஹா நிறுவனம் 'பாஸ்' என்னும் மிதிவண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நான் தேடிய விடையின் முதற்பகுதி இங்கேதான் கிடைத்தது. மின்னோடி பூட்டிய எதையும் அன்றைய ஜப்பானியச் சட்டம் மோட்டார் சைக்கிளாகவே கருதியது. உரிமமும் தலைக்கவசமும் வேண்டியிருந்தன. யமஹா பொறியாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். ஓட்டுநர் மிதிக்கும் விசையை உணரி அளக்கும். அவர் ஒரு பங்கு மிதித்தால் மின்னோடியும் ஒரு பங்கு மட்டுமே தரும். மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டியதும் உதவி படிப்படியாகக் குறைந்து 24இல் முற்றாக நின்றுவிடும். இப்படி அடங்கி நடக்கும் வண்டியை மிதிவண்டியாகவே ஏற்க அரசு இசைந்தது. வண்டி மிதிவண்டியா, மோட்டார் சைக்கிளா என்பதை உலோகமோ சக்கரமோ முடிவுசெய்யவில்லை. சில்லுக்குள் எழுதப்பட்ட கணக்கே முடிவுசெய்தது!

ஐரோப்பிய ஒன்றியம் 2002ஆம் ஆண்டு நெறிமுறையில் 250 வாட், 25 கிலோமீட்டர், மிதிப்பதை நிறுத்தினால் உதவியும் நிற்கவேண்டும் என வரையறுத்தது. இந்தியாவின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் இதை ஒட்டியவையே: 30 நிமிட ஆற்றல் 0.25 கிலோவாட்டுக்கும், வேகம் 25 கிலோமீட்டருக்கும் குறைந்த மின்கல வண்டி, பிற நிபந்தனைகளுக்கு உட்பட்டு, மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. ஆக, பையன் கேட்ட 25 வானத்திலிருந்து விழவில்லை. மனிதன் தன் காலால் மிதித்துச் செல்லக்கூடிய வேகத்தை ஒட்டி, சாலையில் பிறரோடு பகிர்ந்துகொள்ளத்தக்க எல்லையாகப் பல நாட்டவரும் வைத்த எண் அது. 25இல் செல்லும் வண்டியைவிட 50இல் செல்லும் அதே வண்டி மோதும்போது இரு மடங்கு ஆற்றலோடு மோதுவதில்லை. நான்கு மடங்கு ஆற்றலோடு மோதுகிறது. ஆறாம் ஆண்டு மாணவனும் போடக்கூடிய வர்க்கக் கணக்கு.

ஆனால் எழுதிய சட்டம் எழுதியபடி இருந்ததா? சீனாவின் கதை இங்கே சுவையானது. 1999இல் அந்நாடு 20 கிலோமீட்டர், 240 வாட், 40 கிலோ எடை என்று தரம் வகுத்தது. பெரிய நகரங்கள் பெட்ரோல் மோட்டார் சைக்கிள்களைக் கட்டுப்படுத்தவே, மக்கள் மின்வண்டிக்குத் தாவினர். 1998இல் ஆண்டுக்குச் சில பத்தாயிரமாக இருந்த விற்பனை, பத்தாண்டுகளில் இரண்டு கோடியைத் தொட்டது. இவ்வண்டிகளின் கட்டுப்படுத்தியிலிருந்து வளையமாக ஒரு மெல்லிய கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இணைந்திருந்தால் வேகவரம்பு உண்டு, கழற்றினால் இல்லை. சோதனைக்குச் செல்லும்போது இணைப்பு. வாடிக்கையாளரிடம் கொடுக்கும்போது ஒரு வெட்டு. அவ்வளவுதான்! ஒரு நாட்டின் தரவிதி ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. 2019 ஏப்ரல் 15இல் நடைமுறைக்கு வந்த புதிய சீனத் தரம் வரம்பை 25 கிலோமீட்டர், 400 வாட், 55 கிலோ என உயர்த்தியதோடு, மாற்றியமைக்க இயலாதவாறு கட்டுப்படுத்தியை அமைக்கவேண்டும் என்றும் கூறியது. 2025 செப்டம்பர் 1 முதல் அதைவிடக் கடுமையான தரம் வந்துவிட்டது.

கேரளத்திலும் 2023இல் போக்குவரத்துத் துறையினர் விற்பனையகங்களில் சோதனை நடத்தினர். 25 கிலோமீட்டர் எனப் பதிவின்றி விற்கப்பட்ட ஸ்கூட்டர்களில் சில, அதற்கு மேல் ஓடுமாறு மாற்றப்பட்டிருந்தன. சிறுவர்களைக் கண்டிப்பதற்கு முன் நாம் இதையும் நினைத்துப் பார்க்கவேண்டும். கம்பியை வெட்டக் கற்றுக்கொடுத்தவர்கள் பெரியவர்களே.

நம் நாட்டுக்கு வருவோம். 2022 ஏப்ரலில் நமது போக்குவரத்து அமைச்சு, மின்ஸ்கூட்டர் போன்ற தனிநபர் நடமாட்டக் கருவிகளைச் சாலையில் ஓட்டுவதற்குத் தடை உண்டென அறிவித்தது. பெற்றோர் பலர் இதனை அறியாமலே பிறந்தநாள் பரிசாக அவற்றை வாங்கித் தருகின்றனர். மாற்றியமைத்த மிதிவண்டிகள் என்றதும் 2017 பிப்ரவரி 18 நினைவுக்கு வராமல் போகாது. ஜொகூர் பாருவில் அந்த விடியற்காலையில் எட்டுப் பதின்ம வயதினர் உயிரிழந்தனர். அவர்கள் ஓட்டியவை மின்சார வண்டிகளல்ல. 'பசிகால் லாஜாக்' என்னும் மாற்றியமைக்கப்பட்ட மிதிவண்டிகள். அந்தத் தாயார் என் வீட்டு வாசலில் நின்றபோது அவர் மனத்தில் இருந்தது அதுதான் என்பதை நான் பின்னரே உணர்ந்தேன்.

மறுவாரம் பையன் வீட்டுக்கு மீண்டும் சென்றேன். இம்முறை கண்டிக்கவில்லை, என்ன செய்கிறாய் என்று காட்டச் சொன்னேன். அன்று நான் கற்றதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நம் வகுப்பறைக்கு உதவும்.

மழைநீர் புகுந்து பழைய கட்டுப்படுத்தி கருகியிருந்தது. வண்டியைத் தள்ளும்போது சக்கரம் விட்டுவிட்டுப் பிடித்து இழுத்ததாம். உள்ளே மின்னிணைமாற்றி எரிந்து, கம்பிகள் தமக்குள் ஒட்டிக்கொண்டதன் அறிகுறி அது. திரையோடு கூடிய புதிய கட்டுப்படுத்தியை இணையத்தில் வரவழைத்துப் பொருத்தினான். முறுக்கியவுடன் சக்கரம் சுழலாமல் நடுங்கியது. காரணம், மின்னோடிக்குச் செல்லும் தடித்த கம்பிகள் மூன்று. ஹால் உணரியிலிருந்து வரும் மெல்லிய சைகைக் கம்பிகள் மூன்று. மஞ்சள், பச்சை, நீலம் என்னும் நிறங்கள் ஒன்றாக இருந்தாலும் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மூன்றை ஆறு விதமாக அடுக்கலாம். எனவே ஆறு பெருக்கல் ஆறு, 36 இணைப்புகள். அவற்றுள் சீராக ஓடுபவை ஆறே. அந்த ஆறிலும் முன்னோக்கி ஓடுபவை மூன்று. ஏனையவற்றில் நடுக்கமும் சூடும்தான். பையன் சக்கரத்தை மேலே தூக்கிக் கட்டிவைத்து, மின்னோட்டத்தைக் குறைத்து, ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதிவைத்திருந்தான்!

அதற்கு முன் உணரிகளையும் அளந்திருக்கிறான். சிவப்புக் கம்பியில் 5 வோல்ட் வருகிறதா? சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றினால் மூன்று சைகைக் கம்பிகளிலும் மின்னழுத்தம் ஏறி இறங்குகிறதா? மூன்று உணரிகள், ஒவ்வொன்றும் ஆம் அல்லது இல்லை என்றால் எட்டு விடைகள் இருக்கவேண்டும். ஆனால் உணரிகள் அமைந்திருக்கும் முறையால் மூன்றும் 'ஆம்' என்பதும் மூன்றும் 'இல்லை' என்பதும் வரவே கூடாது. வந்தால் ஓர் உணரி செத்துவிட்டது என்று பொருள். நிலைபொருள் இதை அறிந்து பிழை எண்ணைத் திரையில் காட்டும். இரும எண்களைக் கற்பிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

சக்கரம் சுழன்றது, ஆனால் திரையில் வேகம் தாறுமாறாகக் காட்டியது. பெரியவர் மெல்லத் தள்ளிக்கொண்டு போனாலே 40 என்று காட்டுமாம்! "வாத்தியாரே, என்னைய கல்யாண வயசுக்குக் கொண்டு போயிருச்சு இந்த வண்டி" என்று அவர் சிரித்தார். அவ்வகைக் கட்டுப்படுத்தியில் 'பி1' என்று ஓர் அமைப்பு உண்டு. மின்னோடியின் பல்சக்கர விகிதத்தை உள்ளிருக்கும் காந்தங்களின் எண்ணிக்கையால் பெருக்கி அங்கே எழுதவேண்டும். பல்சக்கரமில்லாத, 46 காந்தங்கள் கொண்ட மின்னோடிக்கு 46. இந்த எண் தவறினால் வேகமும் தவறும். வேகவரம்பும் பொருளற்றுப் போகும். 'சி5' என்பது உச்ச மின்னோட்டம். 10 என்றால் முழு அளவு. 3 என்றால் அதில் பாதி. 'சி12' என்பது மின்கலம் எந்த வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் இணைப்பைத் துண்டிக்கவேண்டும் என்பது. ஒவ்வோர் எண்ணுக்கும் அரை வோல்ட்.

இந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. எல்லா எண்களும் ஒரே இனமல்ல. பி1 வெறும் அளவை. தவறாக இருந்தால் திருத்தியே ஆகவேண்டும். சி12 மின்கலத்தைக் காப்பது. மின்கலத்தின் வகை மாறினால் இதுவும் மாறவேண்டும். நான்கு ஈய அமில மின்கலங்கள் கொண்ட 48 வோல்ட் தொகுப்பை 42 வோல்ட்டில் நிறுத்துவது முறை. 13 அடுக்கு லித்தியம் தொகுப்பு 39 வரை தாங்கும். அதற்குக் கீழே தொடர்ந்து இழுத்தால் மின்கலம் கெடும். கெட்ட லித்தியத்தை மீண்டும் மின்னேற்றுவது தீயோடு விளையாட்டு. சி5 கம்பிகளையும் மின்னிணைமாற்றிகளையும் எரியாமல் காப்பது. வேகவரம்பு மட்டுமே வண்டிக்காக அன்றி, எதிரே வருபவருக்காக வைக்கப்பட்டது. பழுது பார்ப்பவன் முதல் மூன்றையும் தொடாமல் வேலை செய்யவே முடியாது. நானோ நான்கையும் ஒரே குற்றமாக எண்ணிப் பையனைத் திட்டியிருக்கிறேன்.

இன்னும் ஆழமாகச் செல்பவர்களும் உளர். 2010களின் நடுவில் ஸ்வீடனைச் சேர்ந்த பெஞ்சமின் வெடர் தாம் வடிவமைத்த கட்டுப்படுத்தியின் வரைபடத்தையும் நிரலையும் உலகுக்குத் திறந்து வழங்கினார். பின்னர் ஆர்வலர்கள், பரவலாக விற்கப்படும் சீனக் கட்டுப்படுத்திகளுக்கும் திறமூல நிலைபொருள் எழுதினர். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அச்சில்லுகள் பலவற்றில் தொழிற்சாலை நிரலைப் படித்தெடுக்க முடியாதபடி பூட்டியிருப்பர். புதியதை ஏற்றும்போது பழையது அழிந்துவிடும். திரும்பப் பெற வழியில்லை. மறுபுறம், சென்னை ஐஐடியில் அடைகாக்கப்பட்டு 2013இல் தொடங்கிய ஏதர் போன்ற நிறுவனங்களின் ஸ்கூட்டர்களில், நிலைபொருள் வலையமைப்பு வழியாக நிறுவனத்திடமிருந்தே வந்து இறங்குகிறது. வசதிதான். ஆனால் தெருமுனைப் பட்டறைக்காரர் திரையை அழுத்தி எண்ணை மாற்றிப் பழுது நீக்கும் காலம் அங்கே முடிந்துவிட்டது. இது எனக்கு முழு மகிழ்ச்சி தரவில்லை. புதியது வாங்கிக்கொள்ளுங்கள் என்ற கடைக்காரரின் குரலே அதிலும் கேட்கிறது.

எங்கள் ஊர் நிலையத்தைக் கடந்து ஈடிஎஸ் ரயில் செல்லும்போது, அதன் சக்கரங்களையும் இப்படியொரு பெட்டிதான் மூன்று கம்பிகளின் வழியே சுழற்றுகிறது என்று பையனிடம் கூறினேன். "தெரியும் சார்" என்றான்.

அவனிடம் ஒரு பழைய பள்ளிப் பயிற்சிப் புத்தகம் இருந்தது. தான் தொட்ட வண்டிகள் அனைத்தையும் அதில் எழுதி வந்திருக்கிறான். பழைய எண், புதிய எண், தேதி என்று மூன்று கட்டங்கள். நான்காவதாகக் 'காரணம்' என்று ஒரு கட்டம் போடச் சொல்லிவிட்டு வந்தேன்.

சென்ற வாரம் மீண்டும் பார்த்தேன். பெரியவரின் வண்டிக்கு எதிரே சி5க்கு "கம்பி சுடுது" என்றும், சி12க்கு "லித்தியம் மாத்தினது" என்றும் எழுதியிருந்தான். நண்பர்களின் வண்டிகள் இரண்டில் வேகவரம்பு 25இலிருந்து 45ஆக மாற்றப்பட்டிருந்தது. அவற்றுக்கு நேரே காரணம் என்னும் கட்டம் காலியாக இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"எழுத ஒன்னும் கெடைக்கல சார். வரச் சொல்லி மறுபடியும் 25 வச்சிட்டேன். ஒருத்தன் மட்டும் இன்னும் வரல" என்றான்.